வண்டி வீட்டின் வாசற்படி

ஒரு வீட்டை மதிப்பிட விரும்புவோர் அதன் கூரையைப் பார்ப்பர், சுவரைப் பார்ப்பர், கதவின் மரம் தேக்கா, வேம்பா, பாலையா என்று தட்டிப் பார்ப்பர். வாசற்படியை உற்றுப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆயினும் வீட்டினுள் புகும் ஒவ்வொருவரும் தம் உடலின் பாரத்தை முதலில் ஒப்படைப்பது அந்தப் படியிடந்தான். இருபது வயதில் நாம் படியைக் காண்பதில்லை. கால் தானாகவே அதனைக் கண்டுகொள்கிறது. எழுபதைக் கடந்த பின்னரோ கண்ணும் கையும் காலும் ஒன்றுசேர்ந்து அதனைத் தேடுகின்றன. நாம் இங்கு சொல்லப் புகுவது ஒரு சிறு படியைப் பற்றியே. அதுவும் மண்ணில் நிலையூன்றி நிற்கும் வீட்டின் படியன்று. சக்கரத்தின்மேல் ஓடும் வீட்டின் படி.

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் குடியிருக்கும் நாம் 2022 ஆம் ஆண்டில் அத்தகைய வண்டியொன்றை, முன்னர் இரு குடும்பங்கள் அனுபவித்துக் கைமாறியதை, விலைக்கு வாங்கினோம். இங்குள்ளோர் இதனைக் 'காம்பர் ட்ரெயிலர்' என்பர். எமது வீட்டு முதியவரின் காதில் அது 'கம்பர்' என்றே விழுந்தமையால், அன்றுதொட்டு எமது வீட்டில் அதற்குக் கம்பர் என்பதே பெயராயிற்று. கவிச்சக்கரவர்த்தி பொறுத்தருள்வாராக.

இதனைக் கண்டிராத வாசகருக்காக அதன் அமைப்பைச் சிறிது சொல்லிவைப்போம். பார்வைக்கு மூடிய பெட்டகம் போன்றது. மோட்டார் காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்லப்படுவது. தங்குமிடத்தை அடைந்ததும் ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் கிணற்றுக் கப்பியில் வாளி எழுவதுபோலக் கூரை மேலெழும். முன்னும் பின்னும் உள்ள இரு படுக்கைகளை இழுத்து நீட்டினால் அவற்றின்மேல் கித்தான் சுவர்கள் விரியும். நடுவே ஒரு சிறிய அடுப்பும், பாத்திரம் கழுவும் தொட்டியும், நால்வர் முழங்கால் இடிபட அமரக்கூடிய மேசையும் இருக்கும். அரைமணி நேரத்தில் ஒரு வீடு எழுந்துவிடும். ஆனால் மலசலகூடமும் குளிக்கும் அறையும் அதில் இல்லை. அவற்றுக்கு முகாம் மைதானத்தின் பொதுக் கட்டடத்துக்கே நடந்து செல்லவேண்டும். எமது கதைக்கு இது முக்கியமானது. வாசகர் மனத்தில் வைத்திருப்பாராக.

உல்லாசப் பயணத்துக்கென வண்டி வீடு கட்டுவித்தவர்களுள் முன்னோடியாகச் சொல்லப்படுபவர் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்ற ஸ்கொத்லாந்து வைத்தியர். கடற்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அவர் 1885 ஆம் ஆண்டில் 'வொண்டரர்' என்னும் குதிரை பூட்டிய வண்டி வீட்டைப் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் செய்வித்து இங்கிலாந்தையும் ஸ்கொத்லாந்தையும் சுற்றிவந்தார். அவருக்கு வழிகாட்டிகள் றோமானி மக்கள் எனப்படும் நாடோடிகள். அவர்களுடைய வண்டி வீடுகளின் படி, வண்டியோடு நிலையாகப் பொருந்தியதன்று. குதிரை பூட்டும்போது கழற்றி எடுத்துவிட்டு, வண்டி நின்றதும் மீண்டும் வாசலில் மாட்டுவது. அந்த ஏற்பாட்டின் அருமையைப் பின்னர்தான் காண்போம்.

எமது கம்பருக்கு வாய்த்திருந்த படியோ வேறு வகை. வாசலின் கீழே இரும்புச் சட்டத்தில் பூட்டிய ஒற்றைப் படி. காலால் இழுத்தால் வெளியே வரும், தள்ளினால் உள்ளே போகும். நிலத்திலிருந்து வண்டித் தளத்தின் உயரம் 68 சென்ரிமீற்றர். கரடுமுரடான மண்பாதைகளிலும் அடி தட்டாமல் செல்லவேண்டுமென்று பெரிய சக்கரங்களைப் பொருத்திச் சட்டத்தை உயர்த்திக் கட்டியிருந்தபடியால் இந்த உயரம். ஒற்றைப் படி நடுவில் நின்றது. ஆகவே 34 சென்ரிமீற்றர் ஒரு தாவல், மீண்டும் 34 சென்ரிமீற்றர் இன்னொரு தாவல். பிள்ளைகள் இருவரும் அதனைப் படியென்றே எண்ணவில்லை. ஒரே பாய்ச்சலில் உள்ளே போவர், ஒரே பாய்ச்சலில் புல்லில் குதிப்பர்.

ஐந்தாமவர் ஒருவர் எம்முடன் இருக்கிறார். எம்மில் ஒருவருக்கு அவர் அம்மா, மற்றவருக்கு மாமி, பிள்ளைகளுக்கு அம்மம்மா. வீட்டில் பெரும்பான்மை பிள்ளைகளின் பக்கமே ஆதலால் நாமும் இங்கு அவரை அம்மம்மா என்றே குறிப்பிடுவோம். வயது எழுபத்தெட்டு. பிறந்தது வலிகாமத்தின் வடக்கே. சிறுமியாய் இருந்தபோது கீரிமலைக் கேணியின் படிகளில் ஈரப் பாவாடையுடன் ஓடி ஏறியவர். 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் இளவயதில் கொழும்புக்குப் போய்வந்தவர். அந்தப் றெயில் பெட்டியின் மிதிபலகைகளில் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பனங்கட்டிக் குட்டானுமாக ஏறி இறங்கியவர். இப்பொழுது இடது முழங்கால் அவர் சொற்கேட்பதில்லை.

முதல் இரண்டு பயணங்களுக்கு அம்மம்மா வந்தார். உள்ளே ஏறுகையில் ஒருவர் மேலிருந்து கையைப் பிடிக்க, மற்றவர் கீழிருந்து முதுகைத் தாங்க, அவரோ நடுவில் சிரித்துக்கொண்டு, "தேர் ஏத்திற மாதிரி ஏத்திறியள்" என்பார். மூன்றாம் பயணத்துக்கு ஆயத்தமானபோது, "நீங்கள் போட்டு வாங்கோ பிள்ளையள். வெள்ளிக்கிழமை விளக்கேத்த வீட்டில ஆள் வேணுமெல்லே" என்றார். அது சரியான காரணமாகவே தோன்றிற்று. நான்காம் பயணத்தின்போது காரணம் கறிவேப்பிலைக் கன்றாயிற்று. அதற்குத் தண்ணீர் ஊற்றவேண்டுமாம்.

உண்மையான காரணம் எமது மகளிடம் இருந்தது. அம்மம்மாவும் அவளும் ஒரே படுக்கையில் உறங்குபவர்கள். ஒருநாள் இரவு உணவின்போது அவள் சாவதானமாகச் சொன்னாள்: "அம்மம்மா கம்பரில இருக்கேக்க பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணி குடிக்கமாட்டா. குடிச்சா இரவில கீழ இறங்கவேணும்." அம்மம்மா தட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "அவளுக்கு என்ன தெரியும், சின்னப் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்ளும் ஒரு முதியவர், கோடை காலத்தில், பின்னேரம் நான்கு மணிமுதல் விடியும்வரை தண்ணீர் அருந்தாதிருப்பது எத்தகைய ஆபத்து என்பதை வைத்தியர் சொல்லி அறியவேண்டியதில்லை. உடலில் நீர் வற்றினால் இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து, எழுந்து நிற்கையில் தலைசுற்றும், தலைசுற்றினால் விழுவர், அந்த வயதில் விழுந்தால் முறிவது பெரும்பாலும் இடுப்பெலும்பு. படிக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைத்தவர், தண்ணீர் குறைந்தமையாலேயே படியில் விழக்கூடும். அன்றிரவே படியை மாற்றுவதென்று தீர்மானித்தோம்.

முழங்காலின் கணக்கை முதலில் அறியவேண்டும். பேர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர், செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்ட சிலரின் முழங்காலுக்குள் விசையை அளக்கும் கருவியைப் பதித்து ஆராய்ந்த முடிவுகளை 2010 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சமதரையில் நடக்கும்போது மூட்டின்மீது உடல் எடையைப்போல் இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகமான பாரம் விழுகிறது. படி ஏறும்போது அது மூன்று மடங்கைக் கடக்கிறது. இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஏறுவதே கடினம் என்று நாம் நினைத்திருக்க, மூட்டுக்கு இறக்கமே கொடிது. ஏறுகையில் மூச்சு வாங்குவதால் அதன் சிரமம் பிறருக்கும் தெரிகிறது. இறங்குகையில் சிரமத்தை முழங்கால் மாத்திரமே அறிகிறது. இவையெல்லாம் சாதாரணப் படிகளில் அளந்தவை. எமது கம்பரின் படி அவற்றைப்போல் இரு மடங்கு உயரம்.

சாதாரணப் படி என்பது யாது? இந்நாட்டுக் கட்டட விதிகளின்படி ஒரு வீட்டின் படியுயரம் 115 மில்லிமீற்றருக்குக் குறையவும் 190 மில்லிமீற்றருக்கு மிகவும் கூடாது. கால் வைக்கும் அகலம் 240 முதல் 355 மில்லிமீற்றர்வரை இருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் ஒரு பொருத்தமும் பார்ப்பர்: உயரத்தை இரட்டித்து அகலத்தைக் கூட்டினால் வரும் தொகை 550 க்கும் 700 க்கும் இடையில் அமையவேண்டும். இவ்வகைக் கணக்கை முதலில் எழுதிவைத்தவர் பிரான்சுவா புளொண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். 1675 ஆம் ஆண்டளவில். மனிதனின் ஓர் எட்டின் நீளம் இவ்வளவு. மேலே தூக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் முன்னே வைக்கும் தூரத்தில் இரண்டங்குலம் குறைகிறது என்பது அவர் கண்ட விதி. மூன்றரை நூற்றாண்டுக்குப் பின்னரும் கால்கள் அவருக்குக் கீழ்ப்படிந்தே நடக்கின்றன.

ஆனால் வண்டி வீடு சட்டத்தின் கண்ணில் வீடன்று, வாகனம். ஆகவே வீட்டுப்படியின் விதி அதனைக் கட்டுப்படுத்தாது. உள்ளே உறங்குகிறோம், சமைக்கிறோம், பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாடுகிறோம். வாசலில் மட்டும் அது லொறியாகிவிடுகிறது. இவ்வண்டிகளை வாங்குவோரில் கணிசமானோர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற முதியவர்களாய் இருக்கவும் இந்நிலை நீடிப்பது எமக்கு வியப்பாகவே இருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் மாற்றுவழிகளையும் பார்த்தோம். பிளாஸ்ரிக் முக்காலி ஒன்றைக் கீழே வைப்பது மலிவானது. புல்லின் ஈரத்தில் அது வழுக்குவதை முகாமில் பக்கத்துக் குடும்பத்தாரிடம் கண்டிருந்தோம். பொத்தானை அழுத்தினால் மின்சாரத்தால் இறங்கும் படியும் உண்டு. விலையைக் கேட்டதும் அழுத்திய விரலை எடுத்துக்கொண்டோம். ஆர்மோனியத் துருத்திபோல் மடிந்து விரியும் மூன்றடுக்குப் படி நல்லதாகத் தோன்றிற்று. எனினும் நாம் பார்த்தவற்றில் கால் வைக்கும் அகலம் 20 சென்ரிமீற்றர் அளவே. அம்மம்மாவின் செருப்பு 25 சென்ரிமீற்றர். குதிக்கால் காற்றில் நிற்கும்.

இன்னொரு குறை, நிலத்தைத் தொடாமல் சட்டத்திலிருந்து தொங்கும் படிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. மாணவர்கள் இதனை நெம்புகோல் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர், சட்டத்திலிருந்து 40 சென்ரிமீற்றர் வெளியே நீண்ட படியின் நுனியில் நிற்கிறார். படியைத் தாங்கும் மேல் ஆணிக்கும் கீழ் ஆணிக்கும் இடையே உள்ள தூரம் 10 சென்ரிமீற்றர். அறுபதை நாற்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் 240. அதாவது மெலிந்த ஒரு கிழவி ஏறினாலும் மேலாணியை வெளியே இழுக்கும் விசை 240 கிலோகிராம் எடைக்குச் சமம். அதனால்தான் இத்தகைய படிகள் நாளடைவில் ஆடுகின்றன. எமது படியும் ஆடிற்று. ஆடும் படியில் இளைஞர் சற்று விரைந்து ஏறுவர், முதியவர் நின்றுவிடுவர்.

எமது தெருவில் இத்தாலிய முதியவர் ஒருவர் வசிக்கிறார். கப்பல் கட்டும் துறையில் உருக்கு வேலை செய்து ஓய்வுபெற்றவர். வயதில் அம்மம்மாவுக்கு மூத்தவர். அவருடைய கொட்டிலில் இல்லாத கருவி இல்லை. எமது அளவுகளைத் தாளில் வரைந்து கொண்டுபோய்க் காட்டினோம். அவர் தாளை வாங்கவில்லை. "யார் ஏறுவது? அவரை அழைத்து வாருங்கள்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை நடந்ததை நாம் எளிதில் மறவோம். அம்மம்மா சேலை உடுத்து, கம்பளிச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகும் ஆயத்தத்துடன் வந்தார். ஐயா அவரைக் கதிரையில் இருத்தி, பழுப்புத் தாளில் பாதத்தை வைக்கச் செய்து பென்சிலால் சுற்றி வரைந்தார். பிறகு பலகைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி அவற்றின்மீது ஏறி இறங்கச் சொன்னார். முதலில் 15 சென்ரிமீற்றர், பின்னர் 17, பின்னர் 19, பின்னர் 21. காலை அவர் பார்க்கவேயில்லை, கையைப் பார்த்தார். 15 இலும் 17 இலும் அம்மம்மாவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அசையாமல் இருந்தது. 19 இல் அது தானாகவே சுவரை நாடிற்று. 21 இல் சுவரை இறுகப் பற்றிற்று. ஐயா 17 என்று சுவரில் சோக்கட்டியால் எழுதினார். அறுபத்தெட்டை நான்கால் வகுத்தாலும் பதினேழே வருகிறது என்பதைக் கண்டு எமக்கு மகிழ்ச்சி. அவர் அதைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

இருவருக்கும் பொதுவான மொழி எதுவுமில்லை. அவர் 'சின்யோரா' என்று அழைப்பார். அம்மம்மா 'ஐயா' என்பார். அம்மம்மா தமிழிலேயே ஒரு கேள்வி கேட்டார்: "செருப்பை எங்க கழட்டிறது?" நாம் அதனை மொழிபெயர்த்தோம். ஐயாவுக்கு விளங்கவில்லை. எமது வழக்கத்தை விரித்துச் சொன்னோம். வெளியில் மிதித்த செருப்புடன் உள்ளே போகமாட்டோம். நிலத்தில் கழற்றினால் ஈரப் புல்லிலும் எறும்பிலும் வெறுங்காலை வைக்கவேண்டும். பழைய படியில் கழற்றுவதானால், ஒரு சாண் அகலமான ஆடும் இரும்பின்மேல் ஒற்றைக்காலில் நிற்கவேண்டும். ஐயா நெடுநேரம் யோசித்தார். அதன்பிறகு மேற்படியை மட்டும் 40 சென்ரிமீற்றர் அகலமாக வரைந்தார். ஒருவர் இரண்டு காலையும் ஊன்றி நின்று, கையால் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்க அது போதும். சக்கரத்தின்மேல் ஓடும் வீட்டுக்கு ஒரு திண்ணை கிடைத்தது.

படியின் அமைப்பு இதுதான். முழுவதும் அலுமினியம், கீழ் இரு படிகளும் 27 சென்ரிமீற்றர் அகலம். பதினேழை இரட்டித்து இருபத்தேழைக் கூட்டினால் 61. புளொண்டெல் குறை சொல்லமாட்டார். றோமானி மக்களின் படியைப்போலவே இதுவும் கழற்றி மாட்டுவது. மேல்முனையிலுள்ள இரண்டு கொளுக்கிகள் வாசற்சட்டத்தில் பற்றிக்கொள்ளும். கீழ்முனையில் உள்ள இரண்டு கால்கள் நிலத்தில் ஊன்றும். பாரத்தின் பெரும்பகுதியை மண்ணே ஏற்றுக்கொள்வதால் மேலே சொன்ன 240 கிலோகிராம் கணக்கு இங்கே இல்லை. கால்கள் குழாய்க்குள் குழாயாக நீளுவன. ஒவ்வொன்றும் தனித்தனியே துளையில் ஊசி செருகி நிறுத்தத்தக்கது. தரை ஒருபுறம் சரிந்திருந்தாலும் படி சமமாக நிற்கும். கால்களின் அடியில் வைக்க ஒரு சாண் சதுரமான ஒட்டுப்பலகைத் துண்டுகள் இரண்டும் உள்ளன. கடற்கரை மணலில் கூரான கால் புதையும், அகன்ற பலகை புதையாது.

அலுமினியமும் கறள் பிடிக்காத உருக்கும் தனித்தனியே நல்லவை. உப்புநீரின் முன்னிலையில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறிய மின்கலம் போலாகி, அலுமினியம் வெண்பொடியாகக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் ஒரு வாரம் தங்கினால் போதும், இதன் ஆரம்பத்தைக் காணலாம். ஆகவே உருக்காணி செல்லும் ஒவ்வோர் இடத்திலும் நைலோன் வளையம் இட்டு இரண்டையும் பிரித்துவைத்தார் ஐயா. கப்பலில் கற்ற பாடம் என்றார்.

கைபிடியைப் பற்றி வீட்டில் ஒரு சிறு விவாதம் நிகழ்ந்தது. ஒரு பக்கம் போதும் என்பது ஒரு கட்சி. ஆனால் ஏறும்போது வலக்கைப் பக்கம் இருக்கும் கைபிடி இறங்கும்போது இடக்கைப் பக்கமாகிவிடுகிறது. நோகும் காலுக்கு எதிர்க்கையால் பிடிப்பதே பெரும்பாலும் வசதி. அம்மம்மாவுக்குச் சிகிச்சை அளிக்கும் உடற்பயிற்சி நிபுணர் ஒரு சூத்திரம் கற்பித்திருக்கிறார்: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகும் கால் முன்னே. கைபிடி இருபுறமும் இருந்தால்தான் இது இருவழியிலும் நடைபெறும். எதிர்க்கட்சியின் வாதம் எடையைப் பற்றியது. அதுவும் நியாயமானதே. இழுவை வண்டிக்கு இவ்வளவு எடைதான் ஏற்றலாமென்று ஒரு தகட்டில் பொறித்திருக்கும். தண்ணீர், எரிவாயு, உணவு, போர்வை எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கவேண்டும். மேலும் வண்டியின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு காரின் கொளுக்கிமேல் அமர்வதே நலம் என்பர். பின்பாரம் கூடினால் வேகத்தில் வண்டி பாம்புபோல் நெளியும். முடிவில் இரண்டு கைபிடிகளுடன் படி 14 கிலோகிராம் வந்தது. பயணத்தின்போது அதனைச் சக்கர அச்சுக்கு நேர்மேலே தரையில் படுக்கவைப்பதென்றும், மகனுடைய துவிச்சக்கரவண்டியை வீட்டில் விட்டுச்செல்வதென்றும் உடன்பாடு ஏற்பட்டது. மகன் ஒருநாள் முழுவதும் பேசவில்லை.

படிகளின் விளிம்பில் மஞ்சள் நிறச் சொரசொரப்புப் பட்டி ஒட்டினோம். மேற்படிக்கு மட்டும் அது வேண்டாமென்றார் அம்மம்மா, வெறுங்காலில் குத்துமாம். அங்கே றப்பர் விரிப்பு ஒன்றைப் பதித்தோம். ஒவ்வொரு படியின் அடியிலும் விரல் நீளமான மின்விளக்கு ஒன்று; வண்டியின் 12 வோல்ற் மின்கலத்தில் எரிவது. வெள்ளை ஒளியைவிட மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும் என்பதால் மஞ்சளையே தெரிந்தெடுத்தோம். செலவு, பொருட்களுக்கு மட்டும் 380 டொலர். ஐயா கூலி பெற மறுத்துவிட்டார். அம்மம்மா ஒரு தகரப் பேணி நிறையப் பருத்தித்துறை வடை சுட்டு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து வெறும் பேணி திரும்பி வந்தது. உள்ளே நான்கு எலுமிச்சம்பழங்கள்.

2024 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதப் பாடசாலை விடுமுறையில் ஹோல்ஸ் கப் என்னும் ஊருக்குப் புறப்பட்டோம். மெல்பேண் நகரிலிருந்து மேற்கே காரில் மூன்று மணிநேரம். கிராம்பியன்ஸ் மலைத்தொடரின் நடுவே அமைந்த சிற்றூர். அம்மலைகளுக்கு ஆதிக்குடிகள் இட்ட பெயர் கரிவேர்ட். வசந்தத்தின் தொடக்கமாதலால் காட்டுப்பூக்கள் மலர்ந்திருந்தன. இரவில் குளிர் இன்னும் விடவில்லை. அங்கே கங்காருகள் எமது ஊர் மாடுகளைப்போல முகாமுக்குள்ளேயே புல் மேய்கின்றன. விளக்கேற்ற ஆள் வேண்டும் என்ற பேச்சு இம்முறை எழவில்லை. கறிவேப்பிலைக் கன்றை ஐயாவிடம் ஒப்படைத்துவிட்டு அம்மம்மா எமக்கு முன்னரே காரில் ஏறி அமர்ந்திருந்தார்.

வண்டியை நிறுத்திப் படியை மாட்டியதும் பிள்ளைகளை விலகி நிற்கச் சொன்னோம். அம்மம்மா வலக்காலை வைத்தார், நின்றார், இடக்காலை அதனருகே சேர்த்தார். ஒரு படிக்கு இரண்டு எட்டாக மூன்று படியும் ஏறினார். திண்ணையில் நின்று, வலக்கையால் பிடித்தபடி, செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரத்தில் சேர்த்து வைத்தார். உள்ளே போனார். யாரும் கைகொடுக்கவில்லை. உள்ளிருந்து அவர் குரல் கேட்டது: "சீனிப் போத்தலை எங்க வைச்சனியள்?"

அன்றிரவு ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் தேநீர் ஊற்றினோம். அம்மம்மா ஒரு கோப்பையைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் என்றார். மகள் எம்மைப் பார்த்தாள். நாம் கேத்தலைப் பார்த்தோம்.

நள்ளிரவுக்குப் பின்னர் எப்போதோ மஞ்சள் விளக்குகள் எரிந்து, கித்தான் சுவரில் நிழல் ஒன்று கீழே இறங்கிற்று. செருப்பின் ஓசை சரளைக் கல்லில் தேய்ந்து தேய்ந்து போயிற்று. எழுந்து துணைக்குப் போவதா வேண்டாமா என்று நாம் இருவரும் இருட்டில் மெல்லப் பேசிக்கொண்டோம். போகவில்லை. ஆனால் அந்த ஓசை திரும்பி வந்து படியேறும்வரை இருவரும் உறங்கவும் இல்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது வெளியே செல்ல வழியில்லை. மேற்படியில் அம்மம்மா போர்வையைப் போர்த்தபடி அமர்ந்திருந்தார். மடியில் சுளகு, அதில் உரித்த வெங்காயம். பதினைந்து யார் தொலைவில் ஒரு கங்காரு தன் குட்டியுடன் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "நல்ல படிதான்" என்றார் திரும்பிப் பாராமல். "ஆனா இந்தப் பிடி விடியப்புறத்தில ஐஸ் மாதிரிக் குளிருது. கை வைக்க ஏலாது. ஐயாட்டைச் சொல்லுங்கோ." அன்று பகலே பழைய நூற்சேலையொன்றின் கரையைக் கிழித்து இரண்டு கைபிடிகளையும் சுற்றிக் கட்டினார். மெல்பேண் திரும்பியதும் ஐயா வந்து அதனை விரலால் தடவிப் பார்த்தார். றப்பர் உறை மாட்டுவதற்கென்று கொண்டுவந்ததைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.